நார்ச்சத்தும் ஆரஞ்சு கிரீமும்

நார்ச்சத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது திரையின் மூலையில் முப்பத்தொன்று என்று இருந்தது. நார்ச்சத்து ஏன் முக்கியம் என்று சொல்லி முடிப்பதற்குள் அது இருபத்துநாலு ஆனது. "அதனால எதையும் தோலோட சாப்பிடப் பழகுங்க" என்றபோது பதினெட்டு.

கேரட் மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பதினேழு. கண்ணாடியில் கோளாறு இல்லை.

"யாராவது இருக்கீங்களா?"

திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே ஒரு பெயர். சொந்தப் பெயரைப் போட வேண்டும் என்று கல்லூரி சொல்ல மறந்துவிட்டதால் பிள்ளைகள் தங்கள் மனநிலையைப் போட்டிருந்தார்கள். 'நாளைக்கு வரேன்' என்று ஒருவர். 'வெறும் புள்ளி' என்று ஒருவர். 'லோ பேட்டரி' என்று ஒருத்தி. பேசினால் அவள்தான் பேசுவாள்.

"இருக்கோம் மேடம்" என்றாள் லோ பேட்டரி.

"மத்தவங்க எங்கம்மா?"

"நெட் பிரச்சனை மேடம்."

"பதினாலு பேருக்கும் ஒரே நேரத்துலயா?"

"பெரிய பிரச்சனை மேடம்."

'நல்லா சாப்பிடுவோம்' என்பது பாடத்தின் பெயர். கல்லூரிப் பிள்ளைகள் கண்டதையும் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று யாரோ மேலிடத்தில் கவலைப்பட்டதால் பிறந்த எட்டு வார இணைய வகுப்பு. திங்கள், புதன், வெள்ளி, மாலை ஏழிலிருந்து எட்டு வரை. எந்தத் துறை மாணவரும் சேரலாம். எதை விளக்கினாலும் "உதாரணத்துக்கு ஒரு கேரட்டை எடுத்துக்குங்க" என்று ஆரம்பிப்பதால் ஆசிரியைக்கு முதல் வாரமே பட்டப்பெயர் வந்து சேர்ந்தது. புரதத்துக்கும் கேரட்டைத்தான் உதாரணம் சொன்னார். அதில் புரதம் ஏறக்குறைய இல்லை என்பது அவருக்குத் தெரியும். வாய்க்குத் தெரியவில்லை.

எட்டு மணி ஆனதும், "தண்ணி நிறைய குடிங்க, திங்கட்கிழமை பாப்போம்" என்று சொல்லிவிட்டு, திரைக்குக் கீழே இருந்த பொத்தானை அமுக்கினார். திரை கறுத்தது. கடையை மூடியாயிற்று.

கம்ப்யூட்டர் இருந்தது சாப்பாட்டு மேசையின் மேல். நெட் கேபிள் அதற்கு மேல் நீளவில்லை. பாடம் நடத்திய நாற்காலியிலிருந்து எழுந்து வேறு நாற்காலிக்குப் போக ஒரு காரணமும் இல்லாததால் மேடம் அங்கேயே உட்கார்ந்தபடி ஒரு தம்ளர் பாலையும் ஆரஞ்சு கிரீம் பிஸ்கட் பாக்கெட்டையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

ஆமாம், அதுதான் இரவுச் சாப்பாடு. ஊட்டச்சத்தில் முதுகலைப் பட்டம், இருபத்தெட்டு வருஷ அனுபவம், இரவுக்கு ஆறு பிஸ்கட். சில நாள் எட்டு.

முன்பெல்லாம் இப்படி இல்லை. மேடமும் அவருடைய அக்காவும் கல்யாணம் செய்துகொள்ளாமல் அந்த வீட்டில் முப்பது வருஷம் ஒன்றாக இருந்தார்கள். மூன்று வேளையும் சமையல், சமையலில் சண்டை, சண்டைக்குப் பின் சாப்பாடு. போன வருஷம், ஐம்பத்தெட்டாவது வயதில், நடைப்பயிற்சிக்குப் போன அக்கா ஒரு கணவரோடு திரும்பி வந்தார். கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். அக்காவை அவருடைய ஊருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு ஒரு ஆளுக்கு அடுப்பு பற்றவைப்பது மேடத்துக்கு என்னவோ கூச்சமாக இருந்தது.

தினமும் எட்டு பத்துக்கு அக்காவின் போன் வரும். கை பிஸ்கட்டில் இருப்பதால் மேடம் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிடுவார்.

"சாப்ட்டியாடி?"

"இப்பதான் உக்காந்தேன். காய்கறி சூப், ரெண்டு ரொட்டி, வெள்ளரிக்காய்."

"வெள்ளரிக்காய் தோலோடயா?"

"தோலோடதான்."

பாலில் அதிக நேரம் ஊறிய பிஸ்கட் ஒடிந்து உள்ளே விழுந்தது.

"என்ன சத்தம்?"

"ஸ்பூன்."

"உங்க அத்தானுக்கும் சூப் வெச்சுக் குடுத்தேன். கப்பல்ல இதைவிட நல்லா இருக்கும்னு சொல்றாரு. கப்பலுக்கே போயிடுங்கன்னுட்டேன்."

போனை வைத்த பிறகு மேடம் பாக்கெட்டைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார். தொழில் பழக்கம். பாதி குற்ற உணர்ச்சி. படித்து முடித்து உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பிஸ்கட்டை எடுத்தார்.

மறுநாள் காலை துறைத்தலைவி கூப்பிட்டார். துறைத்தலைவி ஒரு காலத்தில் மேடத்திடம் படித்தவர். மரியாதை விட்டுப்போகாமல் "மேடம்" என்பார். பதவிக்கு மரியாதை கொடுத்து இவரும் "மேடம்" என்பார். யாருக்கு யார் மேடம் என்று மூன்றாவது ஆளுக்கு விளங்க ரொம்ப நேரம் பிடிக்கும்.

"மேடம், உங்க கோர்ஸ்ல பசங்க பாதியிலேயே போயிடுறாங்களாம்."

"நெட் பிரச்சனை மேடம்."

"எட்டு வாரம் முடியறப்ப பாதிப் பேராவது முழுசா உக்காரணும் மேடம். இல்லன்னா அடுத்த தடவை கோர்ஸ் கிடையாதுன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. உங்களுக்குப் பழைய புத்தகம் சரிபார்க்கிற வேலை பாத்து வெச்சிருக்கேன், கவலைப்படாதீங்க."

மேடம் கவலைப்பட்டார். உணவு ஆய்வகத்தைக் கம்ப்யூட்டர் துறை எடுத்துக்கொண்டு ஒரு வருஷமாகிறது. மற்ற வகுப்புகள் சின்ன வயதுக்காரர்களுக்குப் போய்விட்டன. மிச்சம் இருப்பது இந்த ஒன்றுதான். வாரத்தில் மூன்று நாள், மாலை ஏழு மணிக்கு, யாரோ ஒருத்தி "இருக்கோம் மேடம்" என்கிறாள். அதுவும் போய்விட்டால் நூலகத்தின் கீழ்த்தளத்தில் பழைய புத்தகங்களை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். புத்தகங்கள் மேடம் என்று கூப்பிடாது. அவருக்குத் தனிமையாக இருந்தது. அதைச் சுற்றி வளைத்துச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

எனவே வழி தேடினார்.

முதல் வழி, தட்டுப் படம். ஒவ்வொருவரும் தினமும் தன் இரவுச் சாப்பாட்டைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். வேலை கொடுத்தால் ஒட்டிக்கொள்வார்கள் என்பது கணக்கு. முப்பத்தொரு படமும் வந்தன. எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தன. பச்சைக் காய்கள், அவித்த முட்டை, வெட்டிய ஆப்பிள். இரண்டாம் முறை பார்த்தபோதுதான் பதினோரு படத்தில் ஒரே தட்டு, ஓரத்தில் ஒரே உடைசலோடு இருந்தது தெரிந்தது. ஒன்றின் மூலையில் ஓட்டலின் விலை அச்சாகியிருந்தது. இன்னொன்று மேடமே மூன்றாவது பாடத்தில் காட்டிய படம்.

"இது என் படம்மா."

"ஆமா மேடம். உங்களை மாதிரியே சாப்பிடணும்னு ஆசை" என்றது வெறும் புள்ளி.

மேடம் நேர்மையைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். எண்ணிக்கை பதினாலுக்கு இறங்கியது. அன்று அக்காவிடம், "ரொட்டி, அவரைக்காய்ப் பொரியல், ஒரு ஆப்பிள்" என்றார்.

இரண்டாம் வழி, நேரடிச் சமையல். பேசினால்தானே ஓடுகிறார்கள், செய்து காட்டினால்? மின்சார அடுப்பைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்து, காய்கறி சூப் கொதிக்கவிட்டார். ஆவியில் கேமரா பனி மூடிப் போனது. மேடம் புடவைத் தலைப்பால் அதைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் சூப் பொங்கி, மேசையில் ஓடி, கீபோர்டுக்குள் இறங்கியது.

உரையாடல் பெட்டியில் மேடத்தின் பெயரில் 'பபபபபபப' என்று அச்சாக ஆரம்பித்தது. மூன்று பக்கம் ஓடியது.

'நோட் பண்ணிட்டேன் மேடம்' என்று எழுதினார் 'நாளைக்கு வரேன்'.

எண்ணிக்கை ஒன்பது. மிச்ச சூப்பை ஃப்ரிட்ஜில் வைத்தார் மேடம். தனியாக உட்கார்ந்து சூப் குடிக்க அன்றைக்கும் மனசு வரவில்லை. பாலும் பிஸ்கட்டும்தான். ஆனாலும் அக்காவிடம் "வீட்ல சூப் இருக்கு" என்றபோது, மாதக்கணக்கில் முதல்முறையாக உண்மை பேசிய நிம்மதி இருந்தது.

மூன்றாம் வழி, எல்லோரும் கேமரா போட வேண்டும்.

ஆறு பேர் போட்டார்கள். ஒருவர் போட்டது மின்விசிறியைக் காட்டியது. ஒருவர் படுக்கையில் இருந்தார், தலையணை மட்டும் எழுந்து உட்கார்ந்திருந்தது. இன்னொருவர் வாயை அசைத்துக்கொண்டிருந்தார், கேட்டால் நாக்குக்கு உடற்பயிற்சி என்றார். லோ பேட்டரி விடுதி அறையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம். அவளுக்குப் பின்னால் ஒரு கட்டில், ஒரு அலமாரி, வேறு யாரும் இல்லை.

"ரூம்ல தனியாவா இருக்கே?"

"கூட இருந்தவ ஊருக்குப் போயிட்டா மேடம். வேற யாரையும் போடல."

மேடம் நார்ச்சத்துக்குத் திரும்பிப் போனார்.

ஏழாவது வாரம் நான்காம் வழி, பரீட்சை. மதிப்பெண் என்றால் ஓடுகிற கால் நிற்கும். கடைசிக் கேள்வி இப்படி இருந்தது: 'கடையில் விற்கும் ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதில் உள்ள சர்க்கரை, கொழுப்பு, உப்பு ஆகியவற்றின் அளவை எழுதுக.'

முப்பத்தொரு பேரும் பரீட்சை எழுதினார்கள். மேடம் சந்தோஷமாகத் திருத்த உட்கார்ந்தார். முதல் பதில் ஆரஞ்சு கிரீம் பிஸ்கட். நூறு கிராமில் சர்க்கரை முப்பத்தெட்டு கிராம், கொழுப்பு இருபத்தொன்று. சரியான விடை. இரண்டாவதும் ஆரஞ்சு கிரீம் பிஸ்கட். மூன்றாவதும். முப்பத்தொன்றும். கடையில் ஆயிரம் பொருள் இருக்க முப்பத்தொரு பேருக்கும் அது ஒன்றுதான் கண்ணில் பட்டிருக்கிறது, அதுவும் புள்ளி பிசகாமல்.

மேடத்தின் முகம் சூடானது. தன் அலமாரியில் இருப்பதே அது என்பதால், யாரோ கையும் களவுமாகப் பிடித்துவிட்டது போல முதலில் வெட்கம் வந்தது. வெட்கம் கோபமாக மாறுவதற்கு அரை நிமிஷம் போதுமானதாக இருந்தது. பாடத்தில் எங்கேயும் பிஸ்கட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்படியானால் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள். கூட்டாகக் காப்பி. அந்த வேகத்தில் துறைத்தலைவிக்கு ஒரு நீளமான மின்னஞ்சல் எழுதி அனுப்பினார்.

அனுப்பிய மூன்றாவது நிமிஷம் போன் வந்தது.

"என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க?"

"காப்பி அடிச்சிருக்காங்க மேடம்."

"ஒருத்தர் ரெண்டு பேர்னா கண்டிச்சு விட்டுடலாம். மொத்த வகுப்பும்னா விசாரணை வெக்கணும். விசாரணை முடியற வரைக்கும் கோர்ஸை நிறுத்தி வெக்கணும். நீங்களே கைப்பட எழுதிக் குடுத்துட்டீங்களே."

"அதை அழிச்சிட முடியாதா?"

"மேலிடத்துக்கும் சேர்த்துல்ல அனுப்பியிருக்கீங்க."

"அது தானா போயிருக்கும் மேடம்."

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வாங்க."

அன்று புதன்கிழமை. ஏழு மணி வகுப்புக்கு முப்பத்தொரு பேர் வந்தார்கள். காப்பி அடித்தது தப்பு என்று மேடம் திட்டி முடிக்கும்போது ஆறு பேர் இருந்தார்கள். எட்டு மணிக்கு, தண்ணீர் குடிக்கச் சொல்லக்கூட மறந்துபோய், பொத்தானை அமுக்கித் திரையை அணைத்தார். பாக்கெட்டைப் பிரித்தார். சாப்பிடவில்லை.

"சாப்ட்டியாடி?" என்றார் அக்கா.

"ம்."

"என்ன சாப்ட்டே?"

"எல்லாம்தான்."

"பேசாம இங்க வந்துடேன். மாடியில ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. அத்தானும் சொல்லிட்டே இருக்காரு."

"கோர்ஸ் இருக்கேக்கா. பசங்களை விட்டுட்டு எப்படி வர்றது?"

போனை வைத்ததும் அது பொய் என்பது மேடத்துக்கே பொறுக்க முடியாததாக இருந்தது. தம்ளரைப் பார்த்துப் பேசினார். தனியாக இருப்பவர்களுக்கு அந்தப் பழக்கம் வந்துவிடுகிறது.

"எந்தப் பசங்க? முப்பத்தொரு பேர்ல ஒரு ஆளுக்காவது நான் வேணுமா? ஏழு மணிக்கு வராங்க, ஏழரைக்குப் போறாங்க. நாளையோட அதுவும் இல்ல."

பிறகு அழுதார். சத்தமில்லாமல் இல்லை, நன்றாகவே அழுதார். கேட்க ஆள் இல்லாத வீட்டில் அடக்கிக்கொண்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது. பால் ஆடை கட்டிப் போயிற்று. அதை அப்படியே வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் பத்து மணிக்குத் துறைத்தலைவியின் அறையில் கம்ப்யூட்டர் பிரிவு ஊழியர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார். யார் எப்போது வகுப்புக்குள் வந்தார்கள், எப்போது போனார்கள் என்று எல்லாம் பதிவாகுமாம். அந்தப் பதிவை எடுத்து வரச் சொல்லியிருந்தார் துறைத்தலைவி.

மேடம் கைப்பையில் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். பழைய புத்தக வேலைக்குச் சம்மதம் என்று. கேட்டால் கொடுத்துவிடலாம்.

"பரீட்சை நேரத்துல இவங்க ஒருத்தருக்கொருத்தர் எதுவும் அனுப்பிக்கல மேடம்" என்றார் ஊழியர். "காப்பின்னு நிரூபிக்க முடியாது. ஆனா வேற ஒண்ணு இருக்கு. அதுதான் எனக்கும் புரியல."

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். ஒரு கோடு மேலிருந்து சறுக்கிக் கீழே வந்து, மறுபடி செங்குத்தாக ஏறியது.

"ஏழு மணிக்கு முப்பத்தொண்ணு. ஏழே முக்காலுக்கு ஆறு. எட்டு மணிக்கு வகுப்பு முடியுது இல்லையா? எட்டு அஞ்சுக்குப் பாருங்க, முப்பத்தொண்ணு. எட்டு இருபதுக்கு அம்பத்தெட்டு. கோர்ஸ்ல சேராதவங்ககூட லிங்க் வாங்கி வந்திருக்காங்க. ஒம்பது வரைக்கும் ஒருத்தரும் அசையல. ரெண்டாவது வாரத்துல இருந்து ஒவ்வொரு வகுப்பு நாளும் இதே கதைதான்."

துறைத்தலைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மேடம், எட்டு மணிக்கு மேல என்ன நடத்துறீங்க?"

மேடத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஐம்பத்தெட்டு என்ற எண் கோர்ஸைக் காப்பாற்றிவிடும் என்பது மட்டும் விளங்கியது. அக்காவிடம் ஒரு வருஷம் பொய் சொல்லிப் பழகிய வாய், யோசிக்க நேரம் தரவில்லை.

"அது வந்து... செயல்முறைப் பயிற்சி மேடம்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே. என்ன முறை?"

"புதுசுதான். இன்னும் பேர் வெக்கல."

"அப்ப நாங்க வெச்சுடறோம். மேலிடத்துல கேட்டா துள்ளிக் குதிப்பாங்க. விசாரணையெல்லாம் விட்டுடுங்க. வர்ற திங்கட்கிழமை எல்லா ஆசிரியர்களையும் உக்கார வெக்கிறேன், நீங்க மேடையில நடத்திக் காட்டுங்க."

மேடம் தண்ணீர் கேட்டார். எந்த முறை என்று தெரியாத ஒன்றை நூறு பேருக்கு முன்னால் நடத்திக் காட்டுவதைவிடப் பழைய புத்தகங்களே மேல் என்று தோன்றியது. கைப்பையில் இருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அப்போது கதவு திறந்தது. ஒல்லியான ஒரு பெண், உள்ளே வரலாமா என்று கேட்காமலே உள்ளே வந்து நின்றாள். ஓடி வந்திருந்தாள், மூச்சு வாங்கியது.

"யாரும்மா நீ?" என்றார் துறைத்தலைவி.

"மேடம் வகுப்பு மேடம்."

கருவளையத்தை வைத்துத்தான் மேடம் அடையாளம் கண்டுகொண்டார். லோ பேட்டரி.

"உன்னை யாரும் கூப்பிடலையே."

"எல்லாரும் சேர்ந்து அனுப்பினாங்க மேடம். நேத்து மேடம் சொன்னதைக் கேட்டதுல இருந்து ஹாஸ்டல்ல யாரும் சரியா சாப்பிடல."

"நேத்து திட்டினேன்தான்" என்றார் மேடம் தணிந்த குரலில். "ஆனா நீங்களும் அப்படிக் காப்பி அடிச்சிருக்கக் கூடாதும்மா."

"அது இல்ல மேடம். அதுக்கப்புறம் சொன்னது."

"அதுக்கப்புறம் நான் ஒண்ணும் சொல்லலையே."

துறைத்தலைவி பொறுமை இழந்தார். "நல்லதாப் போச்சு, நீயே சொல்லு. எட்டு மணிக்கு மேல மேடம் என்னதான் நடத்துறாங்க? அம்பத்தெட்டு பேர் எதுக்கு உக்காந்திருக்கீங்க?"

அந்தப் பெண் துறைத்தலைவியைப் பார்க்கவில்லை. மேடத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"நீங்க ஸ்கிரீனை மட்டும்தான் அணைக்கிறீங்க மேடம், கேமராவும் மைக்கும் ஓடிக்கிட்டேதான் இருக்கு, எதிர்ல ஒரு ஆள் சாப்பிடுறது தெரிஞ்சா ரூம்ல தனியா இருக்கிற நெனப்பே வராதுன்னு நாங்களும் தட்டை எடுத்துக்கிட்டு வந்து உக்காந்துடுவோம், சொன்னா அணைச்சுடுவீங்களோன்னு பயந்துதான் இத்தனை நாளா யாரும் வாயே திறக்கல."